மைக் டிரவுட்: முன்னணிப் பட்டியல்கள் கவனிக்காத வீரரா?

“2012-இல் வளரும் வீரர்களுக்கான பட்டியல்கள் அனைத்தும் பிரைஸ் ஹார்ப்பரையே முதலிடத்தில் வைத்தன, ஏஞ்சல்ஸ் அணியின் மைக் டிரவுட்டை எவரும் பொருட்படுத்தவில்லை” என்றொரு பதிவு பேஸ்பால் ரசிகர்களிடையே பகிரப்பட்டு வருகிறது. இது உண்மையன்று.

அந்த ஆண்டுப் பருவம் தொடங்குமுன் ‘பேஸ்பால் அமெரிக்கா’ இதழ் ஹார்ப்பர், மேட் மூர், டிரவுட் என்று வரிசைப்படுத்தியது, எம்.எல்.பி.யின் (அமெரிக்காவின் முதன்மைப் பேஸ்பால் தொடரான மேஜர் லீகின்) அதிகாரபூர்வ இணையதளம் மூரை முதலிடத்தில் வைத்தது, விளையாட்டு ஊடகமான ஈ.எஸ்.பி.என். பட்டியலிலோ டிரவுட்டுக்கே முதலிடம். மேஜர் லீக் அணிகள் இளம் வீரர்களை வரிசையாக அழைத்துச் சேர்க்கும் 2009 வீரர் தேர்வில் அவர் 25-ஆவதாகவே அழைக்கப்பட்டார் என்பது மெய்தான். வதந்திக்கு வேர் இதுவாக இருக்கலாம். ஆனால் 2011-லேயே பேஸ்பால் அமெரிக்காவின் சிறந்த மைனர் லீக் (மேஜர் லீகுக்குக் கீழ்நிலைத் தொடர்கள்) வீரர் விருது அவருக்குக் கிடைத்துவிட்டது.

2011-இல் மேஜர் லீகில் ஆடியவர் மறு ஆண்டுப் பட்டியலில் எப்படி வந்தார் என்றும் கேட்கிறார்கள். புதுமுகத் தகுதியை இழக்காதவர்களே இப்பட்டியல்களில் இடம்பெறுவர். அத்தகுதிக்கான வரம்பு 130 அட்-பேட் (மட்டையாடியதாகக் கணக்கில் சேரும் வாய்ப்பு). அவர் எடுத்தவை 123 மட்டுமே.

பேஸ்பால் அமெரிக்காவின் பழைய ஆண்டுப் பட்டியல்களிலும், பேஸ்பால் ரெஃபரன்ஸ் தளத்தில் உள்ள அவரது பக்கத்திலும் இவற்றைச் சரிபார்க்கலாம். அப்பதிவை மேலும் பகிர வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறோம்.