இருக்குது, ஆனா இல்லீங்க

நேற்று ராத்திரி ஒன்பதரைக்கு, இல்லாததற்கும் காலியாக இருப்பதற்கும் என்ன வித்தியாசம் என்று எனக்குப் பாடம் எடுத்தது லோடாஷ் என்கிற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியின் கெட் ஃபங்ஷன்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. லோடு ஏற்றியாச்சு, தூத்துக்குடி லாரி நிற்கிறது, பேக்கிங் லிஸ்ட் பிரின்ட் வரவில்லை. டிஸ்பாட்ச் பார்க்கிற அண்ணன் போனில்: "ஏனுங் தம்பி, சீட்டு வரலீங்களே? டிரைவர் மொறைக்கறாருங்க."

சீட்டுக்கு வேண்டிய எடை டேட்டாவில் இருக்கும் இடம்: ஆர்டருக்குள் ஷிப்மென்ட், அதற்குள் பெட்டிகள், அதில் முதல் பெட்டி, அதற்குள் எடை. பாதையை எழுதிக் கொடு, கிடைக்காவிட்டால் என்ன தரணும் என்று மூன்றாவதாகச் சொல்லு, மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றுதானே அந்த லைப்ரரி சொன்னது? நானும் ஜீரோ கொடுத்திருந்தேன். வந்தது நல் (null). பெயரில் மட்டும்தான் நல். அதன்மேல் டூஃபிக்ஸ்டு போட்டு மூன்று தசமமாக்கப் போன வரி அங்கேயே படுத்துவிட்டது.

பாதையில் எழுத்துப் பிழையா? இல்லை. புள்ளி சரி. சதுர அடைப்பும் சரி. டிஃபால்ட்டை, அதாவது அந்த மூன்றாவதை, 1 ஆக்கினேன், நல். 999 ஆக்கினேன், நல். ஆத்திரத்தில் என் பெயரையே போட்டேன், அப்பவும் நல். இதற்குள் அண்ணன் மூன்று தடவை கூப்பிட்டுவிட்டார். அப்புறம் டாக்குமென்டேஷனைத் திறந்தால், அன்டிஃபைன்ட் (undefined), அதாவது அப்படி ஒன்றே இல்லை என்று வந்தால் மட்டும்தான் டிஃபால்ட்டாம்! எடை போடாத பெட்டிக்கு டேட்டாபேஸ் அனுப்புவது நல். அதாவது எடை இருக்கிறது, ஆனால் காலியாக இருக்கிறது. ஆயிரம் அடி போர் ஓட்டி வெறும் புகை வந்தபின், "குழி இருக்குதுங்களே" என்று போர்க்காரர் காசு கேட்டால் எங்க ஊரில் வண்டியை வெளியே விடுவார்களா?

"2020லேயே ஜாவாஸ்கிரிப்டில் இரட்டைக் கேள்விக்குறி (??) வந்துவிட்டதே, அது நல்லையும் பிடிக்குமே" என்று யாரும் வராதீர்கள். தெரியும். அதைப் போட்டுத்தான் பதினொன்றேகாலுக்கு லாரியை அனுப்பினேன். இது 2017இல் எழுதிய கோட். எழுதிய புண்ணியவான் டாக்குமென்டேஷனில் இன்னும் ஒரு வரி படித்திருக்கலாம். புண்ணியவான் நான்தான்.

சீட்டு வந்தது. எடை 0.000. அண்ணன் அதைப் பேனாவால் அடித்துவிட்டுப் பக்கத்தில் கையாலேயே எழுதிக்கொண்டாராம். ஒன்பதரைக்கே அதைச் செய்திருக்கலாமேண்ணா என்று கேட்க வாயெடுத்துச் சிரித்துவிட்டேன்.

கீழே இறங்கினால், என் வண்டிக்குக் குறுக்கே எவனோ புல்லட்டை நிறுத்தி ஹேண்டில் லாக்கும் போட்டுவிட்டுப் போயிருக்கிறான்.