நம் வீட்டுக்கு ஒரு கொடி

(ஜூலை மாதத்து ஞாயிற்றுக்கிழமை மாலை. சிங்கப்பூரின் தோ பாயோவில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளம். மேல்மாடித் தாழ்வாரங்களில் தேசியக் கொடிகள் கட்டப்பட்டிருக்கின்றன. கல்மேசையில் வண்ணப் பென்சில்கள் பரப்பிக் கிடக்கின்றன. தாத்தா துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேத்தி தொடக்கநிலை ஐந்தில் படிக்கிறாள். வாதம் செய்வதில் மட்டும் பல்கலைக்கழகத்தைத் தாண்டிவிட்டாள்.)

பேத்தி: தாத்தா, நம் குடும்பத்துக்கென்று ஒரு கொடி வரைந்து, அதன் பொருளையும் எழுதிக்கொண்டு வரும்படி ஆசிரியர் சொல்லியிருக்கிறார். நாளைக்குக் கொடுக்க வேண்டும்.

தாத்தா: அவர் எப்போது சொன்னார்?

பேத்தி: அது கொடியின் வரலாற்றில் வராது, தாத்தா.

தாத்தா: சரி, புலியை வரை. சோழருக்குப் புலி, பாண்டியருக்கு மீன், சேரருக்கு வில் என்று மூவேந்தரும் கொடி பிடித்த இனம் நம்முடையது.

பேத்தி: நான் சென்ற மாதம் வரைந்த புலியைப் பார்த்துவிட்டு, அதற்குக் கொஞ்சம் பால் வைக்கட்டுமா என்று பாட்டி கேட்டார்.

தாத்தா: அப்படியானால் விலங்குகளே வேண்டாம். போர்க்களப் புழுதியிலும் நடுக்கடலிலும் 'வருகிறவன் நம்மவனா, மாற்றானா' என்று தொலைவிலிருந்தே தெரிந்துகொள்ள உதவிய பொருள்தான் கொடி என்பதால், பார்த்தவுடன் விளங்குவதுதான் அதற்கு முதல் இலக்கணம். முழுவதும் சிவப்பாகத் தீட்டிவிடு. ஒரே பென்சிலில் வேலை முடிந்துவிடும்.

பேத்தி: உங்களுக்கு முன்பே டோ சின் சை அப்படி நினைத்தாராம். 1959-இல் நம் நாட்டுக் கொடியை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் அவர்தான். பின்னணி முழுவதும் சிவப்பாக இருக்கட்டும் என்று அவர் விரும்பியபோது, அது கம்யூனிஸ்டுகளின் நிறமாயிற்றே என்று அமைச்சரவை மறுத்துவிட்டது.

தாத்தா: பாதி சிவப்பு, பாதி வெள்ளை என்று வைத்துக்கொள்.

பேத்தி: சிவப்பு மேலே, வெள்ளை கீழே என்றால் அது இந்தோனேசியா. கொஞ்சம் குட்டையாக வரைந்தால் மொனாக்கோ. தலைகீழாகப் பிடித்தால் போலந்து. நம் கொடியில் பிறை வந்ததற்கு, இந்தோனேசியக் கொடியிலிருந்து வேறுபட்டுத் தெரிய வேண்டும் என்பதும் ஒரு காரணம்.

தாத்தா: அப்படியே தவறாக நினைத்துக்கொண்டால்தான் என்ன? நம் வீட்டின் மீது படையெடுத்தா வரப் போகிறார்கள்?

பேத்தி: 1936-இல் பெர்லின் ஒலிம்பிக் போட்டிக்குப் போன லீக்டன்ஸ்டைன் நாட்டினர், ஹெய்ட்டி நாட்டினரும் அதே நீலமும் சிவப்புமான கொடியோடு வந்திருப்பதை அங்கே பார்த்துத் திகைத்துப்போனார்கள்.

தாத்தா: கல்யாண வீட்டுக்கு இரண்டு சம்பந்தியம்மாக்களும் ஒரே புடவையில் வந்து நின்ற கதை! யார் போய் மாற்றிக்கொண்டு வந்தார்கள்?

பேத்தி: லீக்டன்ஸ்டைன்தான். மறு ஆண்டே தன் கொடியில் ஒரு கிரீடத்தைச் சேர்த்துக்கொண்டது.

தாத்தா: புடவையை மாற்றாமல் நகையைக் கூட்டிக்கொண்டது என்று சொல். நாமும் மூன்று நட்சத்திரங்களைச் சேர்த்துவிடுவோம். உனக்கு ஒன்று, எனக்கு ஒன்று, பாட்டிக்கு ஒன்று.

பேத்தி: முதலில் நம் நாட்டுக் கொடிக்கும் மூன்று நட்சத்திரங்களைத்தான் எண்ணியிருந்தார்கள். மலாயா கம்யூனிஸ்ட் கட்சியின் சின்னத்திலும் மூன்று இருந்ததால், அந்த எண்ணத்தைக் கைவிட்டு ஐந்தாக்கினார்கள். 1959 டிசம்பர் 3ஆம் தேதி, யூசோஃப் இஷாக் நாட்டின் தலைவராகப் பதவியேற்ற நாளில் அந்தக் கொடி மக்களுக்கு முதன்முதலாகக் காட்டப்பட்டது.

தாத்தா: ஐந்துக்கும் பொருள் உண்டே! ஜனநாயகம், அமைதி, முன்னேற்றம், நீதி, சமத்துவம். அவற்றில் நம் வீட்டில் இருப்பது எது?

பேத்தி: பாட்டி உறங்கும்போது அமைதி இருக்கிறது.

தாத்தா: மெதுவாகப் பேசு, சமையலறை சன்னல் திறந்திருக்கிறது. பட்டினப்பாலையைக் கேள்: காவிரிப்பூம்பட்டினத்தில் கோவில் வாசலில் ஒரு கொடி, கப்பலின் பாய்மரத்தில் ஒரு கொடி, 'துணிவிருந்தால் எங்களோடு வாதுக்கு வாருங்கள்' என்று கற்றறிந்த ஆசிரியர்கள் ஏற்றிவைத்த கொடி ஒன்று, எல்லாவற்றுக்கும் மேலாகக் கள்ளுக்கடைக்கும் ஒரு கொடி!

பேத்தி: கள்ளுக்கடைக் கொடியை வரைந்துகொண்டு போனால், ஆசிரியர் உங்களைத்தான் பள்ளிக்கு அழைப்பார். அந்த வாதக் கொடி நம் குடும்பத்துக்குப் பொருத்தமாக இருக்கும். அதில் என்ன வரைந்திருந்தது?

தாத்தா: பார்த்தாலே நடுங்க வைக்கும் கொடி என்பதோடு புலவர் நிறுத்திக்கொண்டார். வேண்டாம், என் துறைமுகப் பக்கம் வா. மஞ்சள் கொடி ஏற்றிய கப்பல், 'எங்களிடம் நோய் இல்லை, உள்ளே வர அனுமதியுங்கள்' என்று கேட்கிறது. வெள்ளையும் சிவப்புமாக நெடுக்குவாட்டில் பிரிந்த கொடி பறந்தால், வழிகாட்டும் பைலட் கப்பலில் ஏறிவிட்டார் என்று பொருள். அவர் ஏறிய பிறகு, 'இடப்பக்கம் திருப்பு, வேகத்தைக் குறை' என்று அவர் சொல்வதைப் பெரும்பாலும் எல்லாரும் கேட்டு நடக்க வேண்டியதுதான்.

பேத்தி: தாத்தா, அது அப்படியே நம் வீடு! பாட்டிதான் பைலட்! ஆனால் மால்டா நாட்டுக் கொடியும் அதே இரண்டு நிறந்தானே? போரில் அந்தத் தீவு மக்கள் காட்டிய வீரத்துக்காக ஆறாம் ஜார்ஜ் மன்னர் 1942-இல் கொடுத்த பதக்கத்தை அவர்கள் வெள்ளைப் பகுதியின் மேல் மூலையில் பொறித்திருக்கிறார்கள்.

தாத்தா: பாட்டியின் பாகற்காய்க் குழம்பை இத்தனை காலமாக முகம் சுளிக்காமல் சாப்பிட்டு வருகிறேனே, எனக்கு எந்த மன்னரும் ஒன்றும் தரவில்லை.

பேத்தி: கவலைப்படாதீர்கள், அந்த மூலையில் பாட்டியின் கரண்டியை வரைந்துவிடுகிறேன். 'இவ்வீட்டில் பைலட் இருக்கிறார்' என்று பொருளும் எழுதிவிடுகிறேன்.

தாத்தா: எழுது, எழுது. ஆனால் கரண்டியைப் படுக்க வைத்து வரை, அம்மா. ஓங்கியபடி நிறுத்தினால் வாதுக்கு அழைக்கும் கொடியாகிவிடும். போய் நிற்க வேண்டியவன் நான்.