உட்காரும் உரிமை பெண்களுக்கு மட்டுமல்ல

தருமபுரி ஜவுளிக்கடை வேலை பற்றிய இந்தப் பேச்சில், கடையில் உட்காரும் உரிமை பெண் ஊழியர்களுக்கு மட்டும்தான், ஆண்கள் நின்றுதான் ஆகவேண்டும் என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பலரும் அதைப் பகிர்ந்திருப்பதால் சொல்கிறேன், அது சரியல்ல.

1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் 22-அ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். கடையில் எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காரலாம் என்பதே அதன் சாரம். ஆண், பெண் என்ற பிரிவினை அதில் இல்லை. நாள் முழுக்க உட்கார்ந்திருக்கலாம் என்றும் அர்த்தமில்லை. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் உட்காரலாம், அவ்வளவுதான்.

நானும் நான்கு வருஷம் சேலைப் பிரிவில் நின்றவன். ஒரு ஸ்டூல் இருந்தது, அதன்மேல் துணி பண்டல் அடுக்கியிருக்கும். சாயங்காலம் கால் வீங்கிப்போனவனிடம் சிரித்த முகத்தோடு சேலையை விரித்துக் காட்டு என்றால் மனசு எப்படி ஒட்டும்?

சந்தேகம் இருந்தால் அந்தச் சட்டத்தின் பெயரையும் 22-அ என்ற பிரிவு எண்ணையும் போட்டு இணையத்தில் தேடுங்கள். 'எல்லா ஊழியர்களுக்கும்' என்ற சொல்லை நீங்களே பார்க்கலாம். அப்புறம் மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்திலும் கேட்கலாம்.