பாட்டு கிளாஸ் நடக்கும் அறைக்குள் நாய், பூனை வேண்டாம்

வீட்டிலேயே பாட்டு, வீணை, வயலின், மிருதங்கம் சொல்லித் தருகிற பலர் நாயோ பூனையோ வளர்க்கிறார்கள். நன்றாக வளர்க்கட்டும். ஆனால் கிளாஸ் நேரத்தில் அது அந்த அறைக்குள் இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. "ஒண்ணும் பண்ணாது, ரொம்ப சாது" என்று டீச்சர் சொல்லிவிட்டால், எதிரே நிற்கிற அம்மாவுக்கு அதற்கு மேல் பேச வாய் வராது. சொல்லித் தருபவரிடம் போய் "உங்க நாயை வேற ரூம்ல விடுங்க" என்று சொல்ல நம் ஊரில் யாருக்கும் மனசு வராது. பிள்ளை பயந்துகொண்டே வரும். அல்லது "பரீட்சை இருக்கு மிஸ்" என்று ஒருநாள் நின்றுவிடும். அதனால் சேர்க்கும்போதே டீச்சர்தான் முதலில் கேட்க வேண்டும்.

"நாய்னா பரவாயில்லையா?" என்று கேட்டால் "பரவாயில்லை" என்றுதான் பதில் வரும். "குழந்தைக்கு வீசிங் உண்டா, இன்ஹேலர் எடுக்கிறாளா, பூனை இருக்கிற வீட்டுக்குப் போனால் கண் அரிக்குமா?" என்று கேளுங்கள்.

பூனை ஒவ்வாமைக்குக் காரணம் வெறும் முடி இல்லை. அதன் எச்சிலிலும் தோல் சுரப்பியிலும் இருக்கிற ஒரு புரதம். பூனை தன்னை நக்கிக்கொள்ளும்போது அது முடியில் ஒட்டி, காய்ந்து, மிக நுண்ணிய தூளாகக் காற்றில் மிதக்கிறது. ஜமக்காளத்தில் மாதக்கணக்கில் தங்கும். பாட்டு கிளாஸில் பிள்ளை செய்வதோ, ஆழமாக மூச்சை இழுத்து நீளமாக அகாரம் பாடுவது. கார்வை (ஒரே ஸ்வரத்தை நீட்டிப் பிடிப்பது) நிற்காமல் அறுந்தால் "மூச்சு பத்தலை, இன்னும் சாதகம் பண்ணு" என்கிறோம். அது ஒவ்வாமையாகவும் இருக்கலாம் என்பதை யோசிப்பதே இல்லை. ஜமக்காளத்தை எடுத்துவிட்டுக் கோரைப்பாயோ பிளாஸ்டிக் பாயோ போடுங்கள். கிளாஸுக்கு ஒரு மணி நேரம் முன்பே ஈரத்துணியால் துடையுங்கள். கடைசி நேரத்தில் துடைப்பத்தால் பெருக்கி ஃபேனைப் போட்டால் அத்தனையும் மேலே கிளம்பும்.

அடுத்தது வாத்தியம். மிருதங்கத்தின் தொப்பியில், அதாவது இடது பக்கத்தில், ரவையைப் பிசைந்து அப்புகிறோம். வலந்தலையும் (வலது பக்கம்) இழுத்துக் கட்டும் வாரும் தோல். நாயின் மூக்குக்கு இது முழுக்க முழுக்கச் சாப்பாட்டு வாசனை. முடிந்ததும் சுரண்டிய ரவையைத் தரையில் விட்டால் நக்கும். அடுத்து தொப்பியையே நக்கும், பிறகு வாரைக் கடிக்கும். வலந்தலையின் நடுவில் இருக்கிற கறுப்புப் பூச்சான கரணையில் ஈரம் பட்டால் விரிசல் விட்டுப் பெயரும். நாதம் போன பிறகு தட்டிப் பார்த்துப் பயனில்லை.

வீணையில் தந்தியை அழுத்தி வாசிக்கிற 24 மெட்டும் (உலோகக் கட்டைகள்) மெழுகின் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. பூனை நகத்தை ஊன்றி ஏறினால் மெழுகு பெயரும். ஒரு மெட்டு இம்மியளவு நகர்ந்தாலும் அந்த ஸ்வரஸ்தானம் பேதலிக்கும். திரும்ப மேளம் கட்ட, அதாவது மெட்டுகளைச் சரியான இடத்தில் பதிக்க, ஆசாரியைத்தான் தேட வேண்டும். வயலின் வில்லில் இருப்பது குதிரை வால் முடி. தரையில் வைத்துவிட்டு எழுந்தால் நாய்க்கு அது கடிக்கக் கிடைத்த குச்சி.

எனக்கு எல்லாவற்றையும் விடப் பெரிய கவலை தம்புராவில் தந்திக்கு அடியில் செருகுகிற ஜீவா நூல். பூனைக்கு நூல் என்றால் உயிர். விழுங்கிய நூல் குடலைச் சுருக்குப்பை போல இழுத்துவிடும். அறுவை சிகிச்சை வரை போகும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் இழுக்காதீர்கள், அப்படியே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். வாத்தியப் பெட்டிக்குள் போடுகிற அந்துருண்டையும் இரண்டுக்கும் விஷம். பிறந்தநாளுக்குப் பிள்ளைகள் கொண்டுவரும் சாக்லேட்டும், விஜயதசமி சர்க்கரைப் பொங்கலில் இருக்கிற உலர் திராட்சையும் நாய்க்கு ஆகாது.

அந்த ஜீவன் பக்கத்திலிருந்தும் பாருங்கள். நம் காது 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். நாய்க்குச் சுமார் 45,000 வரை கேட்கும், பூனைக்கு அதற்கும் மேலே. சின்ன அறையில் நாலு மணியிலிருந்து எட்டு மணி வரை வயலினும் மிருதங்கமும் கேட்டுக்கொண்டு படுத்திருப்பது அதற்குச் சுகமில்லை. அடிக்கடி கொட்டாவி விடுவது, உதட்டை நக்குவது, முகத்தைத் திருப்பிக்கொள்வது, கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது எல்லாம் "என்னை விடு" என்று அது சொல்வதுதான். அந்த நேரத்தில் ஒரு குழந்தை கழுத்தைக் கட்டிக்கொண்டால், சாதுவான நாயும் கடிக்கும்.

கடித்தாலும் நகம் கீறி ரத்தம் வந்தாலும் உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், காப்பித்தூள் எதுவும் வைக்கக் கூடாது. பெற்றோருக்கு அப்போதே போன் செய்து, அன்றே அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். நம் வீட்டு நாய்க்கு ஊசி போட்டாயிற்று என்பதால் காயத்தை மறைக்க நமக்கு உரிமை கிடையாது. வருடாந்திர வெறிநாய்த் தடுப்பூசி அட்டையைப் போட்டோ எடுத்து போனிலேயே வைத்திருங்கள்.

ஏற்பாடு பெரிய விஷயமில்லை. கதவு மூடுகிற வேறு அறை, தண்ணீர், ஃபேன், கடிக்க ஏதாவது. பேட்ச்சுகளுக்கு நடுவே 15 நிமிடம் இடைவெளி விட்டால் வெளியே கூட்டிப் போய் வரலாம். மே மாதம் மூன்றரை மணிக்கு நடக்க வைக்காதீர்கள், தார் ரோடு பாதத்தைச் சுடும். மிக மோசமான ஏற்பாடு, வாசல் கேட்டில் கட்டிப் போடுவது. வருகிற ஒவ்வொரு பிள்ளையும் அதைத் தாண்டித்தான் வர வேண்டும், அதுவும் ஒவ்வொருவரையும் பார்த்துக் குரைத்துக் குரைத்து வெறியேறும்.

கூச்சமுள்ள சில பிள்ளைகள் நாயைப் பார்த்ததும் மலர்ந்து பேசுவது உண்மைதான். பெற்றோர் சரி என்றால், கிளாஸ் முடிந்து வாத்தியங்களை உறையில் போட்ட பிறகு ஐந்து நிமிடம் விளையாடட்டும்.

பச்சைக்கிளி வளர்ப்பவர்களுக்கும் ஒன்று: நம் நாட்டுக் கிளியைக் கூண்டில் வைப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மீன் தொட்டியால் பாதகமில்லை, அதன் காற்று மோட்டாரை மட்டும் ஸ்பாஞ்ச் மேல் வையுங்கள். அந்த ரீங்காரம் சுருதியோடு மோதி ஆரம்பப் பிள்ளைகளின் காதைக் குழப்பும்.

புதிதாகச் சேர்பவர்களுக்கு வாட்ஸப்பில் இவ்வளவு அனுப்பினால் போதும்: "எங்கள் வீட்டில் ஒரு நாயும் ஒரு பூனையும் இருக்கின்றன. தடுப்பூசி போட்டிருக்கிறோம். கிளாஸ் நேரத்தில் வேறு அறையில் இருக்கும். குழந்தைக்கு வீசிங், ஒவ்வாமை, பயம் எதுவாக இருந்தாலும் தயங்காமல் சொல்லுங்கள், ஆன்லைனிலும் கிளாஸ் எடுக்கலாம்."