கார் என்ன கட்டுமரமா?

ஒரு மணி நேரம் மழை அடித்தால் போதும், புதுச்சேரி ரெயின்போ நகர் தெருவெல்லாம் வாய்க்கால். 2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயலன்று ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது, அதைக்கூட மன்னிக்கலாம். இது சாதாரண ஐப்பசி மழைங்க!

முதல் கியரில், ஆக்சிலேட்டரை விடாமல், உருட்டிக்கொண்டுதான் போனேன். எதிரே ஒரு பெரிய வண்டிக்காரர் சர்ர்ரென்று வந்தார். அவர் கிளப்பிய அலை என் பானெட் மேல் ஏறியது. 'லொடக்'. அவ்வளவுதான், வண்டி செத்துப்போச்சு.

பதற்றத்தில் மறுபடி சாவியைத் திருகினேன், புத்தி கெட்டவன்!

"செல்ஃப் அடிச்சீங்களா சார்?" என்றார் மெக்கானிக், இழவு விசாரிக்கிற குரலில். காற்று போகிற வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போய்விட்டதாம். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியுமா? நான் செல்ஃப் அடித்ததில், எஞ்சினுக்குள்ளே பிஸ்டனைப் பிடித்திருக்கிற கம்பி, அதான் கனெக்டிங் ராடு, வளைந்துவிட்டது. இன்சூரன்ஸிலோ எஞ்சினுக்குத் தனியாகக் கட்டியிருக்கணுமாம். நாலு காசு மிச்சம் என்று அதைத்தான் வேண்டாமென்றேன்.

அலையடித்தவர் இந்நேரம் வீட்டில் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருப்பார். என் கார் மேட் மூணு நாளாக மொட்டைமாடியில் காய்கிறது, சாக்கடை நாத்தம் இன்னும் போகல.