கடலடியில் கிடக்கும் கப்பல்களுக்கு ஒரு பட்டியல் வேண்டும்

செட்டிநாட்டில் கடல் இல்லை. ஆனால் தேவகோட்டையிலிருந்து கிழக்கே வண்டியை விட்டால் சுமார் ஒரு மணி நேரத்தில் தொண்டிக் கடற்கரையில் நிற்கலாம். காரைக்குடிக்கு வரும் நண்டும் கணவாயும் தொண்டி, ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் பக்கத்துச் சரக்குதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம் என்பதால் நம் விசைப்படகுகள் கரையில் நிற்கும். அப்போது நாட்டுப்படகு மீனோடு கேரளாவிலிருந்து ஐஸில் வரும் மீனும் சந்தையில் சேர்ந்துகொள்ளும். 2025 மே கடைசியில் இதுதான் பிரச்சினையானது. "இது எந்தக் கடல் மீனு?" என்று கேட்காமல் யாரும் பையை நீட்டவில்லை. எங்கள் பகுதியில் மீன் விற்கும் அம்மா, "தொண்டி மீனுதான் ஆச்சி, கேரளா சரக்கே நான் எடுக்கலை" என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே இருந்தார். அப்படியும் பாதிக் கூடை மிஞ்சியது.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் போன எம்எஸ்சி எல்சா 3 என்ற கன்டெய்னர் கப்பல் மே 24 அன்று சாய்ந்து, மறுநாள் மூழ்கியது. லைபீரியக் கொடி, 1997-ல் கட்டிய கப்பல். மாலுமிகள் 24 பேரும் உயிரோடு மீட்கப்பட்டார்கள், அது பெரிய விஷயம். கப்பலில் இருந்த கன்டெய்னர்கள் 640. அவற்றில் 13 ஆபத்தான சரக்கு, அதிலும் 12-ல் கால்சியம் கார்பைடு. மாம்பழத்தைப் பழுக்க வைக்கக் கூடாது என்று அதிகாரிகள் கடை கடையாகப் பிடிக்கிறார்களே, அதே கார்பைட் கல். தண்ணீர் பட்டால் தீப்பற்றும் வாயுவைக் கக்கும். இது போக எரிபொருள் தொட்டிகளில் 367 டன் ஃபர்னஸ் ஆயிலும் 84 டன் டீசலும் இருந்தன.

அதைவிட நெடுநாள் இருக்கப்போவது பிளாஸ்டிக் மணிகள். பிளாஸ்டிக் பொருள் செய்யும் ஆலைகளுக்கு மூட்டை மூட்டையாகப் போகும் மூலப்பொருள் அது. ஒவ்வொன்றும் ஜவ்வரிசி அளவு, வெள்ளை நிறம். கேரளக் கரையில் பல இடங்களில் ஒதுங்கி, கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரைக்கும் வந்து சேர்ந்தது. மணலைச் சல்லடையில் அள்ளி அலசினால் மணல் இறங்கும், மணி மேலே நிற்கும், கூடவே கிளிஞ்சல் துண்டும் காய்ந்த பாசியும் நிற்கும். அதிலிருந்து கையால் பொறுக்க வேண்டும். ஒரு அலை வந்தால் சுத்தம் செய்த இடத்தில் மறுபடி ஒரு வரிசை. மீனும் பறவையும் இதை இரை என்று விழுங்குகின்றன. இத்தனைக்கும் சர்வதேசக் கப்பல் விதிகளில் இந்த மணிகள் ஆபத்தான சரக்குப் பட்டியலிலேயே கிடையாது. அந்த 13 கன்டெய்னர் கணக்கில் இவை சேரவில்லை. கப்பலில் என்னென்ன இருந்தது என்பதைப் பொதுவெளியில் வைக்கும்படி கேரள உயர் நீதிமன்றமே சொல்ல நேர்ந்தது.

அப்புறம் வழக்கு, இழப்பீடு. கேரள அரசு 9,531 கோடி ரூபாய் கேட்டது. பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பத்துக்கு உடனடி உதவியாகக் கிடைத்தது 1,000 ரூபாயும் 6 கிலோ அரிசியும். செய்தி அதோடு தேய்ந்துபோனது.

எனக்கு ஆறாத இடம் இதுதான். கப்பல் மூழ்கியதும் விபத்து முடிந்துவிட்டது என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். உண்மையில் அன்றைக்குத்தான் கடலுக்குள் அதன் கணக்கு தொடங்குகிறது.

எங்கள் பக்கத்தில் பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போகாத நகரத்தார் குடும்பம் குறைவு. எங்கள் வீடுகளின் உள்முற்றமான வளவில் நிற்கும் தேக்குத் தூண்கள் வங்கக் கடல் வழியாக வந்தவை. அதே கடலில் 1942 ஏப்ரலில் ஜப்பானியக் கடற்படை புகுந்து, சில நாட்களுக்குள் இருபதுக்கும் மேற்பட்ட சரக்குக் கப்பல்களை மூழ்கடித்தது. ஏப்ரல் 9 அன்று மட்டக்களப்புக்கு அருகே ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் போனது, பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பலும் போனது. அன்றே திருகோணமலைத் துறைமுகத்தில் சகாயிங் என்ற கப்பல் குண்டு பட்டு எரிந்தது. பர்மாவின் ஊர்ப்பெயரைத் தாங்கி ரங்கூன் தடத்தில் ஓடிய கப்பல் அது. இலங்கைக் கடற்படை 2018-ல் அதைத் தண்ணீருக்கு மேலே கொண்டுவந்தது. ரங்கூன் விழுந்த கதையும் நடந்தே ஊர் வந்து சேர்ந்தவர்களின் கதையும் நம் வீடுகளில் இன்றும் பேசப்படுகின்றன. அந்த நாட்களில் கடலுக்குள் போன கப்பல்களின் தொட்டிகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

உலக அளவில் இப்படி எண்ணெயோடு கிடக்கக்கூடிய கப்பல்கள் சுமார் 8,500 என்று 2005-ல் ஒரு கணக்கு வந்தது. பெரும்பாலும் இரண்டாம் உலகப் போர்க்காலத்தவை. உள்ளே மிஞ்சியிருக்கும் எண்ணெய் 25 லட்சம் டன்னிலிருந்து 2 கோடி டன் வரை இருக்கலாம் என்றார்கள். மதிப்பீட்டின் இரு முனைக்கும் நடுவே இவ்வளவு இடைவெளி இருப்பதே, எத்தனை கப்பலை யாரும் இறங்கிப் பார்க்கவில்லை என்பதைக் காட்டுகிறது.

பசிபிக்கில் உலிதி என்ற தீவுக்கூட்டம். 1944-ல் அங்கே மூழ்கிய மிசிசினேவா என்ற அமெரிக்க எண்ணெய்க் கப்பல் 57 ஆண்டுகள் சத்தமில்லாமல் கிடந்தது. 2001-ல் ஒரு புயல் அடித்த பிறகு கசிய ஆரம்பித்தது. தீவு மக்களின் மீன்பிடிப்பு நின்றது. 2003-ல் அமெரிக்கக் கடற்படை வந்து சுமார் 70 லட்சம் லிட்டர் எண்ணெயை உறிஞ்சி எடுத்தது. கசிந்த பிறகு ஓடிவந்தார்கள். நமக்கு வருஷா வருஷம் புயல் வரும் கடல்.

எந்தக் கப்பல் எப்போது கசியும் என்பதை எப்படிக் கணிப்பது? காரைக்குடிக்காரர்கள் காது கொடுத்துக் கேட்க வேண்டிய இடம் இது, ஏனென்றால் பதிலின் பாதி நம் ஊரில் இருக்கிறது. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் திறந்த சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், இரும்பை உப்பு நீர் எப்படித் தின்கிறது என்ற ஆராய்ச்சிக்குப் பெயர் போன இடம். மண்டபத்தில் அதற்கென்றே ஆய்வு நிலையம் வைத்திருக்கிறார்கள். இந்த ஆய்வின் அடிப்படை முறை எளிமையானது. சின்னச் சின்ன இரும்புத் தகடுகளைத் தேய்த்துச் சுத்தம் செய்து, எண் அடித்து, எடை போட்டு, சட்டத்தில் மாட்டிக் கடலுக்குள் இறக்குவார்கள். மாதக்கணக்கில் விட்டு எடுத்தால் தகடே கண்ணுக்குத் தெரியாது, மேலே சிப்பியும் பாசியும் அப்பிக் கிடக்கும். அதைச் சுரண்டி, அமிலத்தில் கழுவித் துருவை நீக்கி, மறுபடி தராசில் வைப்பார்கள். குறைந்த எடை எவ்வளவோ அவ்வளவு இரும்பைக் கடல் தின்றிருக்கிறது.

முழுக்க மூழ்கிய சாதாரண இரும்பு ஆண்டுக்கு 0.1 மில்லிமீட்டர் அளவில் தேயும் என்பது பொதுக் கணக்கு. 80 ஆண்டுக்கு 8 மில்லிமீட்டர். அந்தக் காலக் கப்பல்களின் தகடு பல இடங்களில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கனம்தான். அதுவும் சீராகத் தேய்வதில்லை. ஒரு இடத்தில் குழி விழும், ஆணி அடித்த மூட்டுகள் முதலில் விடும், சேற்றில் புதைந்த பகுதியில் பாக்டீரியா தன் வேலையைக் காட்டும். நம் கடல் வெதுவெதுப்பானது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். குளிர்ந்த ஆழத்தில் தார் போல இறுகிக் கிடக்கும் எண்ணெய் இங்கே இளகிச் சுலபமாக வெளியேறும். இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் 1942-ன் கப்பல்களுக்குக் கெடு நெருங்கிவிட்டது என்றுதான் நான் நினைக்கிறேன்.

அமெரிக்கர்கள் தங்கள் கடலில் கிடக்கும் சுமார் 20,000 கப்பல்களை அலசி, ஆபத்து என்று கருதத்தக்கவை 87 என்று 2013-ல் சுருக்கினார்கள். அதில் ஒன்றான கோயிம்ப்ரா, நியூயார்க் பக்கம் 1942-ல் மூழ்கியது. 2019-ல் அதிலிருந்து சுமார் 17 லட்சம் லிட்டர் எண்ணெயை இறைத்தார்கள். தொட்டியில் துளை போட்டு, வால்வு பொருத்தி, குழாய் வழியாக மேலே ஏற்றுவது தெரிந்த வித்தைதான். எல்லாக் கப்பலையும் தொட வேண்டியதில்லை. காலியாகக் கிடப்பதை மீன்களுக்கே விட்டுவிடலாம். எதைத் தொட வேண்டும், எதை விட வேண்டும் என்று தெரிவதற்குத்தான் பட்டியல். கப்பலில் என்ன எண்ணெய், எவ்வளவு, தகடு எவ்வளவு மிச்சம், எத்தனை ஆழம், நீரோட்டம் எந்தப் பக்கம், எதிரே யாருடைய கரை என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். நம் நாட்டில் அப்படியொரு பட்டியல் மக்கள் பார்க்கும்படி வெளிவர வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

முன்கூட்டியே பார்த்துச் செயல்பட வேண்டும் என்பது ஓடுகிற கப்பல்களுக்கும் பொருந்தும். 2021-ல் எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பலில் நைட்ரிக் அமிலம் கசிவதை மாலுமிகள் முன்கூட்டியே கண்டார்கள். கத்தாரில் ஹமாத் துறைமுகமும் குஜராத்தில் ஹசீராவும் அந்தக் கன்டெய்னரை இறக்க இடம் தரவில்லை. கடைசியில் கொழும்புக்கு வெளியே மே 20 அன்று தீப்பிடித்து, ஜூன் 2 அன்று மூழ்கி, சுமார் 1,680 டன் பிளாஸ்டிக் மணிகளை இலங்கைக் கரையில் கொட்டியது. ஆமைகள் செத்து ஒதுங்கின. ஆபத்தில் இருக்கும் கப்பலை 'எங்கள் வாசலில் வேண்டாம்' என்று தள்ளிவிட்டால் அது அடுத்தவன் வாசலில் வெடிக்கும். அதற்கு முந்தைய ஆண்டு நியூ டயமண்ட் என்ற கப்பல் 2,70,000 டன் கச்சா எண்ணெயோடு பாரதீப்புக்கு வரும் வழியில் இலங்கையின் கிழக்கே தீப்பிடித்தது. இந்திய, இலங்கைப் படைகள் நாட்கணக்கில் போராடி அணைத்தன. சரக்குத் தொட்டிகள் உடைந்திருந்தால் நம் கரையும் தப்பியிருக்காது.

2007-ல் உருவான நைரோபி ஒப்பந்தத்தில் இந்தியா சேர்ந்திருக்கிறது. மூழ்கிய கப்பலை அகற்றும் செலவு கப்பல் உரிமையாளர் தலையில் என்கிறது அது. நல்ல சட்டம். ஆனால் பழைய கப்பல்களுக்கும் போர்க்கப்பல்களுக்கும் பொருந்தாது. அவற்றுக்கு அரசுதான் பொறுப்பெடுக்க வேண்டும். செலவு அதிகம் என்பார்கள். 2017 ஜனவரியில் எண்ணூரில் இரண்டு கப்பல்கள் மோதியபோது, கரையில் அப்பிய எண்ணெயை மீனவர்களும் இளைஞர்களும் பிளாஸ்டிக் வாளியில் அள்ளியதை நாம் எல்லோரும் பார்த்தோம். முன்கூட்டிச் செலவழிக்காதவர்களின் செலவு அப்படித்தான் யாரோ ஒருவருடைய கையிலும் நுரையீரலிலும் போய் விழுகிறது.

பாக் விரிகுடாவில் பெரிய கப்பல்கள் வருவதில்லை, ஆழம் போதாது. ஆனால் அந்த ஆழமின்மைதான் பயமும். கடல்புல் படர்ந்த, பாதி மூடிய நீர். 2022-ல் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுக்களின் காப்பகமாக அரசு அறிவித்ததும் இங்கேதான். வெளியிலிருந்து எண்ணெய் உள்ளே புகுந்தால் சீக்கிரம் கலையாது.

தொண்டியில் ஒரு படகுக்காரரிடம் இதைப் பேசினேன். "வலை மாட்டுற இடமெல்லாம் எங்க ஜிபிஎஸ்ல இருக்குண்ணே. கப்பலு கிடக்குற இடம்னா மீனு அடையும். வெளிய சொன்னா நாளைக்கே ஊரு பூராவும் அங்க வந்து நிக்கும்" என்றார். நியாயமான பயம். அது அவர்கள் தொழில் ரகசியம். அதனால் பட்டியலில் ஆபத்து விவரம் எல்லோருக்கும் தெரியட்டும், துல்லியமான இடம் ஆய்வாளர்களோடும் கடலோரக் காவல்படையோடும் நிற்கட்டும். இந்த உறுதியை எழுத்தில் கொடுத்தால் குறிப்புகளைத் தருவேன் என்று சொல்லியிருக்கிறார்.

அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை தொண்டியில்தான் இருக்கிறது. சிக்ரி காரைக்குடியில். இரண்டுக்கும் நடுவே ஒரு பஸ் பயணம். தொண்டியிலிருந்து கோடியக்கரை வரை வலை மாட்டும் இடங்களை வாங்கிக் குறிப்பது ஒரு ஆராய்ச்சி மாணவர் ஓராண்டில் செய்யக்கூடிய வேலை. இந்த இரண்டு இடங்களிலும் பணியாற்றுகிறவர்கள், ஓய்வு பெற்றவர்கள் யாராவது இதைப் படித்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். படகுக்காரரிடம் நான் கூட்டிப்போகிறேன்.