வழிப்போக்கர் கதாநாயகரான கதை

'டாக்டர் ஹூ' என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடருக்காக பிபிசியும் டிஸ்னி பிளஸ்ஸும் செய்திருந்த ஒப்பந்தம் முடிவுக்கு வந்த செய்தியை, 2025 அக்டோபரில் பழைய விடுதி நண்பர் ஒருவர், அழும் முகங்கள் இரண்டைச் சேர்த்து எனக்கு அனுப்பியிருந்தார். நான் படித்துவிட்டு, அடுப்பில் வைத்த பாலைப் பார்க்கப் போய்விட்டேன். பத்து ஆண்டுகளுக்கு முன்பு இந்தச் செய்தி வந்திருந்தால் அன்றிரவு நாங்கள் இருவரும் தூங்கியிருக்க மாட்டோம்.

1963 நவம்பர் 23 அன்று, அதாவது கென்னடி சுடப்பட்டதற்கு மறுநாள், தொடங்கிய தொடர் இது. நீல நிறப் போலீஸ் பெட்டி ஒன்றில் காலத்திலும் வெளியிலும் அலையும் ஒருவர். ஊர் தெரியாது, பேர் தெரியாது. டாக்டர் என்று மட்டும் சொல்லிக்கொள்வார். 1966இல் முதல் டாக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னலின் உடல் நலிந்தபோது, தொடரை நிறுத்த மனமில்லாதவர்கள், வேற்றுக்கோள்வாசியான அவருடைய உடலே புதிதாக மாறிவிடுவதாக ஒரு வழி கண்டார்கள். கூடுவிட்டுக் கூடு பாய்தல் என்று அவசரத்தில் சொல்லத் தோன்றும். ஆனால் இங்கே உயிர் இன்னொரு கூட்டுக்குப் போவதில்லை, இருக்கிற கூடுதான் உருமாறுகிறது. 1989இல் நின்றுபோய், 2005இல் ரஸ்ஸல் டி. டேவிஸ் கையில் மீண்டும் எழுந்த பிறகே, நண்பரின் ஹார்டு டிஸ்க் வழியாக அது எங்கள் விடுதி அறைக்கு வந்து சேர்ந்தது.

என்னை அடிமையாக்கியது 2007இல் வெளிவந்த 'பிளிங்க்' என்ற பகுதி. அப்போது ஆண்டுக்குப் பதின்மூன்று பகுதிகள், அதற்கு மேல் கிறிஸ்துமஸுக்கு ஒன்று. குறித்த நாளுக்குள் எல்லாவற்றையும் முடிக்க வேண்டுமானால் இரண்டு பகுதிகளை ஒரே சமயத்தில் படமாக்கியாக வேண்டும். கதாநாயகர் இரண்டு இடத்திலும் இருக்க முடியாது. ஆகவே டாக்டர் தலைகாட்டிவிட்டு மறைந்துவிடும் ஒரு கதையை ஸ்டீவன் மோஃபட் எழுதினார். பாழடைந்த வீட்டில் ஒரு பெண் கையடக்க டிவிடி கருவியின் முன் உட்கார்ந்திருக்கிறாள். 1969இல் மாட்டிக்கொண்ட டாக்டர், அந்தத் திரையிலிருந்து, அவள் இப்போது கேட்கும் கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்கிறார். அவள் பேசுவதையெல்லாம் பக்கத்தில் ஓர் இளைஞன் அவசர அவசரமாக எழுதுகிறான். அவன் எழுதும் அந்தத் தாள்தான் பின்னால் டாக்டர் கைக்குப் போய், அதைப் பார்த்துப் படித்துத்தான் அவர் 1969இல் பேசினார் என்பது நமக்குப் புரியும்போது, கற்சிலைகள் நகரத் தொடங்கியிருக்கும். நாங்கள் அதை அன்றிரவே இரண்டாம் முறையும் பார்த்தோம்.

அந்தக் கதையில் டாக்டர் ஒரு வழிப்போக்கர். கதை அந்தப் பெண்ணுடையது. இந்தத் தொடரின் நல்ல பகுதிகள் பெரும்பாலும் அப்படிப்பட்டவையே என்பது என் எண்ணம். பெண்ணை டாக்டராக்கியதால்தான் தொடர் கெட்டது என்று சொல்லித் திரிபவர்களுடன் எனக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஜோடி விட்டேக்கர் காலத்தில், 2018இல், பிரிவினை நாளின் பஞ்சாபைக் காட்டிய பகுதி என் பட்டியலில் மிக மேலே இருக்கிறது. எல்லைக்கோடு வந்து விழும் நிலத்தில் ஓர் இந்து மணமகனுக்கும் முஸ்லிம் மணமகளுக்கும் டாக்டர் மணம் செய்து வைக்கிறார். பிறகு அவன் கொல்லப்படுவதைத் தடுக்காமல் திரும்பி நடக்கிறார். அங்கும் அவர் வந்து போகிறவர்தான்.

கெடுத்தது வேறொன்று. 2020இல், அன்று தொடரை நடத்திய கிறிஸ் சிப்னால், டாக்டர் எங்கிருந்து வந்தார் என்பதற்கு விடை சொல்லத் துணிந்தார். அவருடைய இனத்துக்கே உருமாறும் ஆற்றலைத் தந்த மூலக் குழந்தை அவர்தானாம். ஹார்ட்னலுக்கு முன்பே பல பிறவிகள் எடுத்தவராம். வீட்டை விட்டுக் கிளம்பிவந்த ஒரு கிழவராக இருந்தவர் அன்றைக்கு அவதார புருஷராகிவிட்டார். தொடரின் பெயரிலேயே 'யார்' என்ற கேள்வி இருக்கிறது. அதற்கு விடை வைத்திருக்கக் கூடாது என்பது ஐம்பத்தாறு ஆண்டுகளாக எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது.

டேவிஸ் திரும்பி வந்ததும் சரியாகிவிடும் என்று நம்பினேன். 2023 டிசம்பரில், அப்போது டாக்டராக இருந்த டேவிட் டென்னன்ட் உருமாறி மறைவதற்குப் பதிலாக இரண்டாகப் பிரிந்தார். புது டாக்டரான ஷூட்டி கட்வா பெட்டியில் ஏறிப் போக, பழையவர் தோட்டத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். போகாமலே வருவது என்றால் பிறகு எதற்கு அழுவது? கட்வா நல்ல நடிகர், அவர் மேல் குறையில்லை. பருவத்துக்கு எட்டே பகுதிகள் என்று சுருங்கியதில், தானுண்டு தன் வேலையுண்டு என்றிருக்கும் சிறு கதைகளுக்கு இடம் குறைந்தது. முடிச்சை அவிழ்த்தால் உள்ளே 1975இன் வில்லன், அடுத்த ஆண்டு அவிழ்த்தால் 1973இன் வில்லன். பழைய தொடரைப் பார்க்காதவருக்கு அந்தப் பெயர்களைக் கேட்டு என்ன நடுக்கம் வரும்?

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கட்வாவுக்கு வேறொரு தொடரின் வேலை முடியாமல் இருந்ததால், 2024இல் வந்த '73 யார்ட்ஸ்' பகுதியில் டாக்டர் ஏறக்குறைய இல்லவே இல்லை. எப்போதும் எழுபத்து மூன்று கெஜத் தொலைவில் நின்று கையசைக்கும் ஒரு கிழவி, ஒரு பெண்ணை வாழ்நாள் முழுவதும் தொடர்கிறாள். அந்தப் பருவத்தில் என்னைப் பிடித்து உட்கார வைத்த ஒரே பகுதி அதுதான். என் வாதத்துக்கு எதிர்சாட்சியும் உண்டு, மறைக்கவில்லை: 2015இல் டாக்டராக இருந்த பீட்டர் கபால்டி, கிட்டத்தட்டத் தனியாளாக, வைரத்தைவிடக் கடினமான சுவரை 450 கோடி ஆண்டுகள் முஷ்டியால் குத்திக்கொண்டிருந்த பகுதி.

பார்வையாளர் கணக்கைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 2005இல் முதல் பகுதியை ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். 2024இன் பருவத் தொடக்கத்தை அன்றிரவு பார்த்தவர்கள் சுமார் 26 லட்சம். இன்று மக்கள் பார்க்கும் விதமே வேறு என்பதால் இரண்டையும் பக்கத்தில் வைப்பது முழு நியாயமில்லை.

2025 மே 31 அன்று கட்வா உருமாறியபோது வந்தது, 2005இல் டாக்டரின் தோழியாக வந்த பில்லி பைப்பரின் முகம். அது ஏன் என்று நண்பர் இன்றும் ஆராய்ந்து எனக்கு நீளநீளமாக எழுதுகிறார். 2026 கிறிஸ்துமஸுக்கு டேவிஸ் எழுதும் சிறப்புப் பகுதி வரும் என்று பிபிசி சொல்லியிருக்கிறது, அவர் காத்திருக்கிறார். நான் சென்ற வாரம் அக்காள் மகளுக்கு 'பிளிங்க்' போட்டுக் காட்டினேன். டிவிடியில் பேசுகிற இந்த ஆள் யார் மாமா என்று கேட்டாள். தெரியாது என்றேன். அவள் மேலே கேட்கவில்லை, சிலைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.